மலைக்காடும் மரக்கடையும்

(தென்காசியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தென்காசி வட்டாரத்தின் பிழைப்பில் இரண்டு பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று தண்ணீர். சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி அணைகளுக்கு வருவதும் இதே மலைத்தொடரின் நீர்தான். கார் சாகுபடி ஆனாலும் பிசானம் ஆனாலும் நம் வயலுக்கு மேலே இருக்கும் காட்டை நம்பித்தான் நாற்றுப் பாவுகிறோம்.

இன்னொரு பொருள் மரம். செங்கோட்டை, தென்காசிச் சாலைகளில் இருக்கும் அறுவை மில்களும் மரக்கடைகளும் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரும் மரமும் ஒரு காலத்தில் ஒரே மலையிலிருந்து இறங்கின. இன்று தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. தடி பெருமளவு கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் ஏறி நம் மில்லுக்கு வருகிறது. இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது, அது நம் தலையில் என்ன பொறுப்பை வைத்திருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றால மலையின் பழங்காட்டிலிருந்து விற்பனைக்காக இனி ஒரு கன அடி மரம்கூட இறங்கக் கூடாது. அதே சமயம், நமக்கு வேண்டிய மரத்தை நம் சமவெளியில் நாமே வளர்க்காமல் இந்தப் பேச்சைப் பேச நமக்கு முழு உரிமை கிடையாது.

முதலில் அந்தக் காட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத் தொன்மையான காடு என்று வகுத்து, தனியாகப் பட்டியலிட்டுக் காக்கிறார்கள். நானூறு ஆண்டு அவர்களுக்குப் பெரிய வயது. நம் மலைக்கு அப்படி ஓர் ஆண்டைக் குறிக்க முடியாது. அடிவாரத்தில் முட்புதர், சற்று மேலே வேங்கையும் மருதும் வெக்காலியும் நிற்கும் இலையுதிர் காடு, அதற்கும் மேலே வெடிப்பலா, நாங்கு, பாலி மரங்கள் கூடி நிற்கும் பசுமைமாறாக் காடு என்று அது அடுக்கடுக்காக ஏறுகிறது. செங்குறிஞ்சி என்ற மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை. நமக்கு மேற்கே, கேரளப் பக்கம் இருக்கும் செந்துருணி சரணாலயம் அந்த மரத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் பெடோம். அவர் சென்னை மாகாணத்தின் வன அதிகாரி. மரத்தை வெட்டி விற்கும் துறையின் தலைமையில் இருந்தவரே மரங்களை விவரித்து நூலும் எழுதினார். அவருக்கு முன்னால் 1830களில் ராபர்ட் வைட் குற்றாலத்தில் தங்கிச் செடிகளைச் சேகரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தது. ஆக, இந்த மலையை வெளியுலகம் இருநூறு ஆண்டுகளாகவே உற்றுப் பார்த்துவருகிறது. 2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது அகத்தியமலைப் பகுதியும் அதில் சேர்ந்தது. 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

காட்டை அளவோடு வெட்ட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1713இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க நிர்வாகி ஒரு நூல் எழுதினார். வெள்ளி உருக்கும் உலைக்கு விறகு தீர்ந்துகொண்டே போனது. ஓர் ஆண்டில் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவே வெட்டு, வெட்டிய இடத்தில் நடு என்பது அவருடைய வாதம். இன்று எல்லோரும் பேசும் நீடித்த மேலாண்மை என்ற சிந்தனைக்கு வேர் அந்த நூலில் இருக்கிறது. நம் ஊருக்கு அது நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்தது. 1856இல் க்ளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் கேட்டு மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதே காலத்தில் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன வல்லுநர் மாகாணத்தைச் சுற்றிப்பார்த்து யோசனை சொன்னார். காட்டைப் பகுதிகளாகப் பிரி, மரங்களை எண்ணு, இந்தச் சுற்றளவுக்கு மேற்பட்டதை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு என்று எழுதிவைக்கும் ‘வொர்க்கிங் பிளான்’ முறை அப்படித்தான் வேரூன்றியது. இன்றும் ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் பத்தாண்டுக்கு ஒன்று எழுதுகிறார்கள்.

நம் பக்கத்துக் கதையில் திருவிதாங்கூரும் உண்டு. செங்கோட்டை முதலில் அந்த நாட்டோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. திருவிதாங்கூர் அரசு 1866இல் கோன்னியில் தேக்குத் தோட்டம் தொடங்கியது. மலபாரில் நிலம்பூரில் கலெக்டர் கனோலியின் முயற்சியில் 1840களிலேயே தேக்கு நட்டாயிற்று. 1888இல் புனலூரில் காகித ஆலை எழுந்து மலையின் ஈத்தல் மூங்கிலைக் கேட்டது. 1904இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அந்த வழியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க இன்று சுற்றுலா போகிறோம். அந்தப் பாதை கணவாயைத் திறந்துவிட்ட பிறகு காட்டுப் பொருள் சந்தைக்குப் போகும் வழி எவ்வளவு சுருங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில் பக்கம் இயற்கைக் காட்டை அகற்றிவிட்டுத் தேக்கை வரிசை வரிசையாக நட்டார்கள். தேக்கு நல்ல மரம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோடையில் இலையுதிர்த்து நிற்கும் ஒற்றைத் தேக்குத் தோப்பின் தரையில் முதல் மழை நேராக விழுகிறது. சருகு எளிதில் தீப்பிடிக்கிறது. கீழே கன்றும் கொடியும் குறைவு. அந்த இடத்தில் முன்பு இருந்தது வேறொரு காடு.

பசுமைமாறாக் காட்டில் வேறு முறையைக் கையாண்டார்கள். எல்லாவற்றையும் வெட்டாமல், பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டுவது. காகிதத்தில் படித்தால் இது மிக நியாயமாகத் தெரியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெனாமினி பழங்குடியினர் 1854 முதல் தங்கள் கையிலிருக்கும் காட்டில் இப்படித்தான் செய்கிறார்கள். முதிர்ந்ததும் நோயுற்றதும் விழுந்ததும் முதலில். 1908 முதல் சொந்த மில் ஓடுகிறது. இத்தனை வெட்டிய பிறகும், அவர்கள் தொடங்கிய காலத்தைவிட இன்று அங்கே நிற்கும் மரத்தின் கன அளவு அதிகம். அதை நான் மனமார மதிக்கிறேன். உலகில் மர வியாபாரமும் காடும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த முறை நம் மலையில் ஏன் பலிக்காது? அங்கே மர வகைகள் குறைவு, ஒவ்வொன்றும் கூட்டமாக நிற்கும். இங்கே ஒரு ஏக்கருக்குள் மரவகைகள் ஏராளம், பெரும்பாலான வகைகளில் பெரிய மரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சுற்றளவு பார்த்து வெட்டப்போனால் விதை தரும் தாய்மரம்தான் முதலில் கோடரிக்கு அகப்படும். அந்த விதையை இருவாச்சியும் குரங்கும் வௌவாலும் சுமக்க வேண்டும். சுமந்து போட்டாலும் அது நெடுநாள் காத்திருக்காது. ஈரம் காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும் விதைகள் இந்தக் காட்டில் மிகுதி. களக்காடு மலையில் கக்காச்சிப் பகுதியில் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் மர உச்சிகளைக் கவனித்து எழுதியவற்றைப் படித்தால் இது விளங்கும். வெடிப்பலா வறண்ட மாதங்களில் பூக்கிறது. வேறு பழம் கிடைக்காத அந்த நாட்களில் சிங்கவால் குரங்கும் மலையணிலும் வௌவாலும் அந்தப் பூவை நம்பியிருக்கின்றன. மரக்கடையில் வெடிப்பலாவுக்கு மதிப்பே இல்லை, பெட்டிப் பலகைக்குப் போகும் இலேசான மரம். விலைப்பட்டியலில் கடைசியில் கிடக்கும் மரம் காட்டின் அடுப்படியாக இருக்கிறது.

வெட்டுவதைவிட இழுப்பதில்தான் கூடுதல் சேதம். ஒரு தடியைக் கீழே கொண்டுவரப் பாதை வேண்டும். பாதை போட்டால் கூரை பிளந்து வெயில் இறங்கும். உண்ணிச்செடி ஏறும். சரிவில் மண் இளகும். பாதை போட்ட இடத்தில் பிறகு யார் யாரோ நுழைவார்கள். வெட்டிய மரத்தின் கணக்கு டிப்போவில் இருக்கும், இந்தச் சேதங்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இருக்காது. இந்தக் காட்டை அளவோடு வெட்டலாம் என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் உணர்ச்சி மட்டும் அன்று. அளவு என்ன என்று சொல்லும் அறிவு நம்மிடம் இன்னும் இல்லை.

சட்டமும் மெல்ல அந்த முடிவுக்கு வந்தது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம். 1988இன் தேசிய வனக் கொள்கை, காட்டிலிருந்து வரும் வருமானத்தைப் பின்னுக்குத் தள்ளி மண், நீர், உயிரினங்களை முன்னே வைத்தது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை தமிழகத்தின் வனப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. அந்த ஆணையால் தொழில் நொடிந்தவர்கள் உண்டு. அவர்களுடைய கஷ்டத்தை நான் இலேசாகப் பேசவில்லை. ஆனால் இன்று குற்றாலத்தில் விழும் தண்ணீரில் அந்த ஆணைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனி சங்கடமான பகுதிக்கு வருகிறேன். காட்டை மூடினோம், வீடு கட்டுவதை நிறுத்தினோமா? நிலையும் கதவும் ஜன்னலும் கட்டிலும் முன்பைவிட அதிகமாகச் செய்கிறோம். பர்மா தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு, மலேசிய மரம் என்று கடையில் பெயர் சொல்லி விற்கிறார்கள். 2014 ஏப்ரலில் மியான்மர் மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. அங்கே காடு அவ்வளவு அழிந்துவிட்டது. உடனே வேறு நாட்டுத் தடி வந்தது. எந்த மலையிலிருந்து வந்தது, அந்த மலைக்குக் கீழே எந்த ஆறு ஓடுகிறது, அங்கிருந்த மக்களைக் கேட்டார்களா என்று நாம் விசாரிப்பதில்லை.

பர்மா தேக்குக்கும் நம் மலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1885இல் ஆங்கிலேயர் பர்மிய அரசின் மீது படையெடுக்கச் சொன்ன காரணம் ஒரு மரத் தகராறு. தேக்கு வெட்டியதில் கணக்குக் குறைத்துக் காட்டியதாக பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு மன்னர் தீபாவின் அரசு அபராதம் விதித்தது. போர் முடிந்தபோது மன்னரும் இல்லை, அரசும் இல்லை. அதே நிறுவனம் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அதுதான் மாஞ்சோலை. அங்கே மரத்துக்காக அல்ல, தேயிலைக்காகக் காடு போனது.

2024இல் அந்தத் தோட்டம் மூடப்படும் நிலை வந்து, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. வழக்கு நடந்தது, நிலம் வனத்துறைக்கு என்று ஆயிற்று. காடு திரும்பட்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் காடு திரும்பும் செலவை இலை பறித்த கைகளின் மேல் ஏற்றுவது நியாயம் ஆகாது. காட்டை மீட்கும் வேலைக்கு ஆள் வேண்டும். நாற்றங்கால், களையெடுப்பு, தீக்கோடு, விதை சேகரிப்பு எல்லாம் பல பத்தாண்டு வேலை. அந்த மலையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

தேயிலைச் சரிவும் தேக்கு வரிசையும் நிற்கும் இடங்களில்தான் மேலாண்மை என்ற சொல்லுக்கு இன்று உண்மையான வேலை இருக்கிறது. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டில் பழங்காடுகள் பலவற்றை வெட்டி ஊசியிலை மரங்களை நட்டார்கள். இப்போது அவற்றை ஒரேயடியாக வெட்டி எறியாமல், சில ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெளிச்சம் விட்டு, மண்ணில் மிஞ்சியிருக்கும் பழைய காட்டை எழுப்பப் பார்க்கிறார்கள். விலக்கிய மரத்தை விற்கவும் செய்கிறார்கள். மரமும் கிடைக்கிறது, காடும் திரும்புகிறது. கேரள அரசு 2021இல் வெளியிட்ட சூழல் மீட்புக் கொள்கையும் அந்நிய மரத் தோட்டங்களை இயற்கைக் காடாக மாற்றுவதைப் பேசுகிறது. ஆரியங்காவுப் பக்கத் தேக்கில் கைவைக்கும்போது, ஆற்றங்கரையிலும் சரிவிலும் நிற்பதைக் காடாகத் திருப்பட்டும், சமநிலத்தில் நிற்பதைத் தேக்காகவே வளர்த்து நல்ல வயதில் வெட்டட்டும் என்பது என் எண்ணம். எல்லாத் தேக்குத் தோட்டத்தையும் காடாக்கு என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. அங்கே குறையும் ஒவ்வொரு கன அடியும் வேறொரு நாட்டின் பழங்காட்டிலிருந்து வரும்.

அப்படியானால் நம் சமவெளி என்ன செய்ய வேண்டும்? நம் பாட்டன் வீடுகளைப் பாருங்கள். கைமரம் பனை. நிலையும் கதவும் வேம்பு, பூவரசு, பலா, கொஞ்சம் வசதி இருந்தால் வேங்கை, தேக்கு. பெரும்பகுதி மரம் ஊர் எல்லைக்குள் கிடைத்தது. இன்று கடையம், ஆழ்வார்குறிச்சி, புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் வரப்பிலும் தோட்ட ஓரத்திலும் தேக்கும் மகோகனியும் மலைவேம்பும் வைக்கிறார்கள். நல்ல தொடக்கம். 1990களில் தேக்கில் பணம் போட்டால் பன்மடங்கு திரும்பும் என்று விளம்பரம் செய்த நிறுவனங்களில் ஏமாந்தவர்கள் நம் மாவட்டத்திலும் இருப்பார்கள். அந்தக் கசப்பில் மரம் வைப்பதையே சந்தேகிக்க வேண்டாம். வாய்க்கால் நீர் பாய்ச்சிய தேக்கு இருபது ஆண்டில் பருத்துவிடும், ஆனால் உள்ளே வெள்ளைதான் மிகுதி. வைரம் ஏற இன்னும் பல ஆண்டு வேண்டும். மில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், விவசாயிக்குத் தெரியாது. நட்டவர் காத்திருக்க வேண்டுமானால், காத்திருந்த மரத்துக்குக் கூடுதல் விலை உண்டு என்று மரக்கடை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சட்டமும் மரம் நட்டவருக்குத் துணை நிற்க வேண்டும். சொந்தப் பட்டாவில் தானே நட்ட மரத்தை ஏற்றிச்செல்ல 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளை நினைத்து வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் ரேஞ்சர் அலுவலகத்துக்கும் நடக்கிறார். ஈட்டி மரத்தைக் காக்க 1990களின் நடுவில் தனிச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் தானாக முளைத்த ஈட்டிக் கன்றைப் பின்னால் தொல்லை என்று பிடுங்கிவிடும் மனநிலைக்கும் அது இடம் கொடுத்தது. நட்டதற்குப் பதிவும், வெட்டும்போது தடையின்மையும் ஒன்றாக வர வேண்டும்.

காட்டோரத்து மக்களை விட்டுவிட்டு எதுவும் நடக்காது என்பதற்கு நம்மிடமே அனுபவம் இருக்கிறது. 1990களின் நடுவில் களக்காடு முண்டந்துறையில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அடிவாரக் கிராமங்களில் வனக் குழு, சுழல்நிதிக் கடன், விறகுக்கு மாற்று அடுப்பு. விறகு சுமந்து தலை வெந்த பெண்கள் அந்தக் கடனில் மாடு வாங்கினார்கள், கடை வைத்தார்கள். விறகுக்காக மலையேறுவது வெகுவாகக் குறைந்தது. மலையில் வாழும் காணிக்காரர்களுக்கும் பளியர்களுக்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமையும் இதே கணக்கில் சேர வேண்டியது. தேனும் குங்கிலியமும் எடுக்கிறவரின் கண் காட்டில் இருப்பது எந்தக் கேமராவையும்விட மேல்.

முடிக்கும் முன் ஒரு கோரிக்கை. மரம் விற்ற காலத்தில் வொர்க்கிங் பிளானின் மையம் கன அடி. இப்போது வெட்டு இல்லை என்றால் அந்தத் திட்டம் எதை அளக்க வேண்டும்? சிற்றாற்றில் ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு நீர் ஓடுகிறது, செங்குறிஞ்சிக் கன்று எத்தனை, இருவாச்சிக் கூடு எத்தனை, எத்தனை ஏக்கர் எரிந்தது என்பவற்றை அளக்கட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போனது. காடு இருந்தால் வெள்ளமே வராது என்று நான் சொல்லமாட்டேன். மேலே கொட்டும் மழை கீழே தெரியும்படி அளவிடும் கருவியும் ஆளும் மலையில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தத் திட்டம் தமிழில் அச்சாகி, தென்காசியிலும் செங்கோட்டையிலும் நூலகத்தில் கிடைக்க வேண்டும். அடுத்த திருத்தம் எழுதும்போது பாசனச் சங்கத்தாரையும் அறுவை மில்காரர்களையும் மலையில் வாழ்வோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

 கேள்வி நேரம் இருக்கிறது என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். மரக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பேசட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாட்டுத் தேக்கை என்ன வயதில், என்ன விலைக்கு எடுக்க அணியமாக இருக்கிறீர்கள் என்பதை முன்வரிசையில் இருக்கும் விவசாயிகள் நேராகவே கேட்டுக்கொள்ளலாம்.